இ6பி வட்டக் கணிப்பான்: பயண நேரம் போட இன்றும் இந்தத் தட்டு வேண்டுமா?

தூரத்தை வேகத்தால் வகுத்தால் நேரம். இந்த ஒரு வரிக் கணக்குக்குத் தனியாக ஒரு கருவியா, அதுவும் பேட்டரியும் திரையும் இல்லாமல் கையால் சுழற்றிப் பார்க்கிற தட்டா என்று கேட்டால் அது நியாயமான கேள்விதான். விமானப் பயிற்சி மாணவர்களின் பையில் கிடக்கும் இ6பி தட்டு அந்தக் கேள்விக்கு நேரான பதில் வைத்திருக்கிறது. தீர்ப்பை முதலிலேயே சொல்லிவிடலாம். முன்பக்கம், அதாவது நேரம், தூரம், வேகம் பார்க்கும் பக்கம், இன்றும் கைபேசியை விடச் சில இடங்களில் மேல். காற்றைக் கணக்கிடும் பின்பக்கம் சரியான விடை தரும், ஆனால் பழக்கம் விட்டுப்போனவர்களை எளிதில் தவறவிடும். அட்டையில் அச்சடித்து வருகிற மலிவுப் பதிப்பு கற்றுக்கொள்ள மட்டும் போதும்.

1930களில் அமெரிக்கக் கடற்படையைச் சேர்ந்த பிலிப் டால்ட்டன் வடிவமைத்தது இது. 'இ6பி' என்பது அந்த நாட்டு ராணுவம் தன் சரக்குக்கு வைத்த எண். அதுவே பெயராக ஒட்டிக்கொண்டது. இன்று பல நிறுவனங்கள் ஏறத்தாழ ஒரே அமைப்பில் இதைச் செய்கின்றன. அதனால் ஒன்றில் பழகிய கை இன்னொன்றிலும் தடுமாறாது. எண்களின் எழுத்துரு, சுழற்சியின் இறுக்கம், எந்தப் பொருளில் செய்தது என்பவைதான் வேறுபடும்.

முன்பக்கத்தில் இரண்டு வளையங்கள். வெளி வளையம் அசையாது, அதில் தூரமும் வேகமும். உள் தட்டு சுழலும், அதில் நிமிடங்கள். இரண்டும் 10-ல் தொடங்கி ஒரு முழுச்சுற்றில் 100 வரை போகும் மடக்கை அளவுகோல்கள். 10-க்கும் 20-க்கும் உள்ள இடைவெளிதான் 20-க்கும் 40-க்கும், 40-க்கும் 80-க்கும். இடைவெளி ஒன்றானால் விகிதம் ஒன்று. உள் தட்டை எங்கே நிறுத்தினாலும், எதிரெதிரே நிற்கும் எல்லா எண் ஜோடிகளும் ஒரே விகிதத்தில் இருக்கும். இந்தக் கருவியின் முழு ரகசியமும் இவ்வளவுதான்.

உள் தட்டில் 60 இருக்கும் இடத்தில் பெரிய கறுப்பு முக்கோணம். ஒரு மணிக்கு 60 நிமிடம் என்பதால் அது வேகக் குறி. முக்கோணத்தை வெளி வளையத்தில் உங்கள் வேகத்துக்கு நேராக வையுங்கள். பிறகு வெளி வளையத்தில் தூரத்தைத் தேடி, அதற்கு எதிரே உள் தட்டில் இருக்கும் எண்ணைப் படியுங்கள். அதுதான் நிமிடம். 120 நாட் (மணிக்கு 120 கடல் மைல்) வேகம், 90 கடல் மைல் தூரம் என்றால் முக்கோணத்தை 12-ல் வைக்க வேண்டும், தட்டில் 120-க்கும் 12-தான். 90-க்கு எதிரே 45 நிற்கும். தரைப் பயணத்துக்கும் இதே முறைதான். மணிக்கு 72 கிலோமீட்டர், 270 கிலோமீட்டர் என்று எடுத்துக்கொள்வோம். முக்கோணம் 72-ல். வெளியே 27-க்கு எதிரே உள்ளே 22.5, அதாவது 225 நிமிடம். நிமிட அளவுகோலுக்குக் கீழே மணி-நிமிடமாகவே எழுதிய சின்ன வளையம் ஒன்று உண்டு. அதே இடத்தில் அது 3 மணி 45 நிமிடம் என்று காட்டும்.

கைபேசியில் 270-ஐ 72-ஆல் வகுத்தால் 3.75 வரும். பிழை பிறப்பது இங்கேதான். 3.75 என்பது 3 மணி 75 நிமிடமும் அல்ல, 4 மணி 15 நிமிடமும் அல்ல. புள்ளிக்குப் பின்னால் வருவதை 60-ஆல் பெருக்க வேண்டும், 0.75 பெருக்கல் 60, ஆக 45 நிமிடம். உட்கார்ந்து யோசித்தால் யாருக்கும் தெரிந்த விஷயம். ஆனால் அவசரத்தில் 2.33 மணியை 2 மணி 33 நிமிடம் என்று குறித்து வைப்பவர்கள் ஏராளம். உண்மையில் அது 2 மணி 20 நிமிடம். இ6பி நிமிடத்திலேயே பேசுவதால் இந்தப் பிழைக்கு இடமே இல்லை.

அதைவிடப் பெரிய லாபம் வழியில்தான் தெரியும். அதே 270 கிலோமீட்டரில் முதல் 54 கிலோமீட்டரைக் கடக்க 50 நிமிடம் ஆகிவிட்டது என்று வைத்துக்கொள்வோம். வெளி வளையத்தின் 54-க்கு எதிரே உள் தட்டின் 50-ஐ நிறுத்துங்கள். முக்கோணத்தைப் பாருங்கள், 65-க்குச் சற்றுக் கீழே நிற்கிறது. உண்மை வேகம் 64.8. தட்டைத் தொடாமல், மீதி 216 கிலோமீட்டரை வெளியே தேடுங்கள். எதிரே 20, அதாவது 200 நிமிடம், 3 மணி 20 நிமிடம். மொத்தம் 225 அல்ல, 250 நிமிடம் ஆகும். ஒரே நிறுத்தலில் நடப்பு வேகமும் மீதி நேரமும் கிடைத்துவிட்டன. இடையில் வரும் எந்த ஊருக்கும், எந்தத் திருப்பத்துக்கும் எவ்வளவு நேரம் என்பதும் அதே நிறுத்தலில் எழுதி வைத்தாற்போல நிற்கிறது. கைபேசிக் கணிப்பானில் ஒவ்வொன்றுக்கும் தனித்தனியாக வகுத்துப் பெருக்க வேண்டும். ஒரு கை ஸ்டீயரிங்கிலோ கன்ட்ரோலிலோ இருக்கும்போது அது வேலைக்காகாது. சாலையில் ஓட்டுபவர் எதையும் சுழற்றக் கூடாது, அது பக்கத்தில் இருப்பவரின் வேலை.

விலை கொடுத்துத் தெரிந்துகொள்ள வேண்டிய குறை, புள்ளி எங்கே என்று தட்டு சொல்லாது. 12 என்பது 1.2-ஆக இருக்கலாம், 12-ஆக இருக்கலாம், 120-ஆக, 1,200-ஆகவும் இருக்கலாம். 14 என்று படித்தது 14 நிமிடமா 140 நிமிடமா என்று நீங்கள்தான் முடிவு செய்ய வேண்டும். அதற்கு முன்கூட்டியே ஒரு குத்துமதிப்பு வேண்டும். எளிய வழி, வேகத்தில் பத்தில் ஒரு பங்கு என்பது 6 நிமிடத் தூரம். 105 நாட் வேகத்தில் 6 நிமிடத்துக்குச் சுமார் 10 மைல். 245 மைலுக்கு இருபத்துநான்கு ஆறு நிமிடங்கள், அதாவது 140-ஐ ஒட்டி. அப்போது தட்டில் வரும் 14-ஐ 140 என்று தயங்காமல் எழுதலாம். இதைக் குறை என்று சொன்னாலும், தட்டை எடுக்கும் முன் விடை எந்த அளவில் வரும் என்று மனதில் போட்டுப் பார்க்கும் பழக்கத்தை இதுவே உண்டாக்குகிறது. கைபேசியில் ஒரு பூஜ்யம் கூடிப்போனால் அதைக் கண்டுபிடிப்பதும் இந்தப் பழக்கம்தான்.

இன்னொரு இடறல், கோடுகளின் மதிப்பு வளையம் முழுக்க ஒன்றல்ல. பெரும்பாலான தட்டுகளில் 10 முதல் 15 வரை ஒரு சின்னக் கோடு 0.1. அங்கிருந்து 30 வரை 0.2. 60 வரை 0.5. அதற்குப் பிறகு 1. புதிதாகப் பிடிப்பவர் 17-க்கு அடுத்த மூன்றாவது கோட்டை 17.3 என்று படிப்பார், அது 17.6. தட்டை வாங்கிய அன்றே இந்த நான்கு பகுதிகளையும் விரலால் தடவி எண்ணிப் பார்த்துவிடுவது நல்லது.

சில நிமிடங்களே ஆகும் சின்னத் தூரங்களுக்கு முக்கோணம் வேண்டாம். உள் தட்டின் 36-ல் ஒரு சிறிய அம்புக்குறி இருக்கும். 3,600 விநாடி ஒரு மணி என்பதற்காக வைத்தது. அதை 15-க்கு நேராக, அதாவது 150 நாட்டில் நிறுத்தினால், 4 மைலுக்கு எதிரே 96 என்று வரும். 96 விநாடி, அதாவது 1 நிமிடம் 36 விநாடி. இறங்குபாதையில் கடைசி மைல்களை எண்ணுபவர்களுக்கு இது தினசரிப் புழக்கம், மற்றவர்கள் மறந்துவிடலாம்.

அலகு மாற்றத்துக்கு வெளி வளையத்தில் 66, 76, 122 ஆகிய எண்களை ஒட்டி மூன்று குறிகள். முறையே கடல் மைல், தரை மைல், கிலோமீட்டர். தெரிந்த எண்ணை அதன் குறிக்குக் கீழே வைத்தால், மற்ற இரண்டும் தத்தம் குறிக்குக் கீழே தெரியும். ஒரு கடல் மைல் 1,852 மீட்டர், ஒரு தரை மைல் 1,609 மீட்டர். தூரம் கிலோமீட்டரிலும் வேகம் நாட்டிலும் இருக்கும்போது மாற்றாமல் அப்படியே முக்கோணத்தில் வைத்தால், நேரம் ஏறத்தாழ இரண்டு மடங்காக வரும். நல்லவேளையாக, இவ்வளவு பெரிய பிழை குத்துமதிப்பிலேயே மாட்டிக்கொள்ளும். ஆபத்து கடல் மைலும் தரை மைலும் கலப்பதில்தான். வித்தியாசம் 15 சதவீதம், கண்ணுக்கு உறுத்தாது, எரிபொருளுக்கு உறுத்தும்.

சராசரி வேகம் எது என்பதைத் தட்டு உங்களிடமே விட்டுவிடுகிறது. இது கருவியின் தவறல்ல, ஆனால் விடை தப்பாக வந்தால் பழி இதன் தலையில்தான் விழும். 270 கிலோமீட்டரில் பாதித் தூரம் மணிக்கு 60, மீதிப் பாதி 90 என்றால் சராசரி 75 அல்ல, 72. முதல் 135-க்கு 2 மணி 15 நிமிடம், அடுத்த 135-க்கு 1 மணி 30 நிமிடம், மொத்தம் 3 மணி 45 நிமிடம். 75 என்று வைத்திருந்தால் 3 மணி 36 நிமிடம் வந்திருக்கும், ஒன்பது நிமிடம் காணாமல் போயிருக்கும். மெதுவான பாதியில் அதிக நேரம் கழிவதால், சராசரி எப்போதும் மெதுவான வேகத்தின் பக்கம் சாயும். ஆகவே ஒவ்வொரு துண்டுக்கும் தனியாகத் தட்டை நிறுத்தி, வரும் நிமிடங்களைக் கூட்டுங்கள். வேகங்களைக் கூட்டிச் சராசரி எடுக்காதீர்கள். நடுவில் 20 நிமிடம் நின்றால் மொத்தம் 245 நிமிடம், அப்போது ஒட்டுமொத்த வேகம் 66-தான்.

இனி பின்பக்கம். விமானத்தின் வேகம் காற்றுக்குள் உள்ள வேகம். பயண நேரம் கணக்கிட வேண்டியது தரையின் மேல் நகரும் வேகத்தில். இரண்டுக்கும் நடுவில் நிற்பது காற்று. பின்பக்கத்தில் சுழலும் வட்டச் சாளரம், அதன் மையத்தில் ஒரு சிறு துளை, கீழே மேலும் கீழும் நகரும் கட்டக் கோட்டு அட்டை. அட்டையின் ஒரு பக்கம் குறைந்த வேகத்துக்கு, மறுபக்கம் அதிக வேகத்துக்கு.

செயல்முறையை ஒரு கணக்கோடு பார்த்தால்தான் புரியும். 5,000 அடியில் கருவி காட்டும் வேகம் 100 நாட். ஆயிரம் அடிக்குச் சுமார் 2 சதவீதம் கூட்டினால் மெய்யான காற்றுவேகம், அதாவது காற்றுக்குள் விமானம் உண்மையில் நகரும் வேகம், 110. துல்லியமாக வேண்டுமானால் முன்பக்கத்துச் சின்னச் சாளரத்தில் உயரத்தையும் வெப்பநிலையையும் நேருக்கு நேர் வைத்துப் படித்துக்கொள்ளலாம். போக வேண்டிய திசை நேர் கிழக்கு, 090, அதாவது வடக்கிலிருந்து வலஞ்சுழியாக 90 பாகை. காற்று 030-லிருந்து 20 நாட். தூரம் 165 கடல் மைல்.

வட்டத்தைச் சுழற்றி 030-ஐ உச்சிக் குறிக்குக் கீழே கொண்டுவாருங்கள். மையத் துளையிலிருந்து நேர் மேலே 20 அலகு எண்ணி, கூரான பென்சிலால் ஒரு புள்ளி. இப்போது வட்டத்தைச் சுழற்றி 090-ஐ உச்சிக்குக் கொண்டுவந்தால் புள்ளி இடப்பக்கம் நகர்ந்திருக்கும். கட்ட அட்டையை நகர்த்தி அந்தப் புள்ளியை 110-க்கான வளைகோட்டின் மேல் உட்கார வையுங்கள். மையத் துளைக்குக் கீழே தெரிவதுதான் தரைவேகம், 99-ஐ ஒட்டி. புள்ளி நடுக்கோட்டிலிருந்து 9 பாகை இடப்பக்கம் நிற்கிறது. அதனால் மூக்கை 9 பாகை இடதுபுறம் திருப்பி 081-ல் பறக்க வேண்டும். முன்பக்கத்துக்கு வந்து முக்கோணத்தை 99-ல் வைத்தால் 165-க்கு எதிரே 100 நிமிடம். காற்றை மறந்து 110 என்றே வைத்திருந்தால் 90. பத்து நிமிட வித்தியாசம்.

இங்கே தவறுவதற்கு மூன்று வாசல்கள். முதலாவது, காற்று எங்கிருந்து வருகிறது என்பதற்குப் பதில் எங்கே போகிறது என்று வைப்பது. மேலே சொன்ன கணக்கிலேயே அப்படி வைத்துப் பாருங்கள். தரைவேகம் 118-க்கும் மேல் வரும், நேரம் 84 நிமிடத்துக்குள் முடியும். மணிக்கு 32 லிட்டர் குடிக்கும் இயந்திரமாக இருந்தால் 53 லிட்டருக்கு மேல் வேண்டிய இடத்தில் 45 லிட்டர்கூட வேண்டாம் என்று விடை சொல்லும். அதே முன்பக்கத்தில் முக்கோணத்தை 32-ல் வைத்து எரிபொருளையும் பார்க்கலாம் என்பதால், ஒரு பிழை இரண்டாகப் பெருகும். இரண்டாவது, புள்ளியை மையத்துக்கு மேலே வைக்கும் முறையும் கீழே வைக்கும் முறையும் வெவ்வேறு. ஒரு புத்தகத்தில் தொடங்கி இன்னொன்றில் முடித்தால் விடை கவிழும். ஒன்றைப் பிடித்து அதிலேயே நில்லுங்கள். மூன்றாவது, வானிலை அறிக்கையில் எழுதி வரும் காற்றுத் திசை மெய் வடக்கை வைத்தது, ஓடுபாதைக் கோபுரம் வாயால் சொல்லும் காற்று காந்த வடக்கை, அதாவது திசைகாட்டி முள் காட்டும் வடக்கை, வைத்தது. இரண்டையும் ஒரே கணக்கில் போடக் கூடாது.

எதிர்க்காற்றில் போய் அதே காற்றில் திரும்பி வந்தால் சரிக்குச் சரியாகிவிடும் என்ற நினைப்பையும் இந்தத் தட்டு கலைத்துவிடும். 100 நாட் விமானம், 20 நாட் காற்று, ஒரு வழி 100 மைல். போக 75 நிமிடம், வர 50. மொத்தம் 125, காற்றில்லாமல் இருந்தால் 120. எதிர்க்காற்றில் அதிக நேரம் இருக்கிறோம், பின்காற்றில் குறைந்த நேரமே இருக்கிறோம். இழந்தது திரும்ப வராது.

தட்டு செய்யாத வேலை ஒன்று உண்டு. கடிகார நேரத்தைக் கூட்டாது. 10:47-க்குக் கிளம்பி 1 மணி 40 நிமிடம் என்றால் எப்போது சேரும்? 12:27. இதைக் கைபேசிக் கணிப்பானில் 10.47 கூட்டல் 1.40 என்று அடித்தால் 11.87 என்று உலகத்திலேயே இல்லாத ஒரு மணி வரும். நிமிடங்களைத் தனியாகக் கூட்டுங்கள். 47 கூட்டல் 40 சமம் 87, அதில் 60 கழித்தால் 27, ஒரு மணி கூடுதல். பேட்டரியில் ஓடும் பறப்புக் கணிப்பான்களில் மணி-நிமிடக் கூட்டலுக்கு வசதி இருக்கிறது. அந்த ஒரு விஷயத்தில் அவை மேல். காற்றுக் கணக்கிலும் எண்களை அடித்தால் விடை வந்துவிடுகிறது. ஆனால் தப்பான எண்ணை அடித்தாலும் அதே நம்பிக்கையோடு வரும், பென்சில் புள்ளி எந்தப் பக்கம் நிற்கிறது என்ற காட்சி இராது. தலைக்காற்றா வால்காற்றா என்று கண்ணால் பார்த்துச் சரிபார்க்கும் வாய்ப்பு தட்டில்தான். வரைபடச் செயலிகளைப் பொறுத்தவரை, சாலை நெரிசலைச் சேர்த்துச் சொல்வதால் சாலைப் பயணத்துக்கு அவற்றோடு இது போட்டிபோட முடியாது.

துல்லியம் எவ்வளவு? அளவுகோலின் விட்டம் 9 சென்டிமீட்டர் என்றால் சுற்றளவு சுமார் 28. அதில் 1 சதவீத மாற்றம் ஏறக்குறைய 1.2 மில்லிமீட்டர் நகர்வு. மடக்கை அளவுகோல் என்பதால் வளையத்தில் எங்கே படித்தாலும் இதே கணக்கு. கண்ணால் அரை மில்லிமீட்டர் பிசகினால் 100 நிமிடப் பயணத்தில் அரை நிமிடம்கூட ஆகாது. காற்று முன்னறிவிப்பே அதைவிட அதிகம் மாறும் என்பதால் இது போதும். சட்டைப் பையில் நுழையும் 6 சென்டிமீட்டர் பதிப்பில் அதே 1 சதவீதம் 0.8 மில்லிமீட்டராகச் சுருங்கிவிடும். ஆடும் விமானத்தில் அதைப் படிப்பது கண்ணுக்குத் தண்டனை.

பொருள் விஷயத்தில் அலுமினியம்தான் முதல் தேர்வு. கனம், ஆனால் வளையாது, எண்கள் தேயாது. பிளாஸ்டிக் இலகுவானது, கையில் நன்றாகச் சுழலும். வெயில் படும் கண்ணாடிக்கு அடியில் விட்டுவிட்டால் வளைந்துபோகும். வளைந்த தட்டில் வளையங்கள் ஒரு பக்கம் உரசி, ஒரு பக்கம் இடைவெளி விட்டு நிற்கும். அட்டைப் பதிப்பு ஈரத்தில் உப்பும், நடு ஆணியின் துளை நாளடைவில் அகலும். துளை அகன்றால் தட்டு மையம் விலகிச் சுழலும், ஒரு பக்கம் சரியாகவும் எதிர்ப்பக்கம் தவறாகவும் படிக்கும். எந்தப் பதிப்பானாலும் பின்பக்கச் சாளரத்தில் பேனா வேண்டாம். மை போகாது, அடுத்த கணக்கில் பழைய புள்ளி வந்து குழப்பும். மென்மையான பென்சில், கூடவே அழிப்பான்.

வாங்கும் இடத்திலேயே ஒரு சோதனை செய்துவிடுங்கள். முக்கோணத்தை வெளி வளையத்தின் 10-க்கு மிகச் சரியாக நிறுத்துங்கள். இப்போது உள் தட்டின் 12-க்கு எதிரே 20, 24-க்கு எதிரே 40, 30-க்கு எதிரே 50, 48-க்கு எதிரே 80 நிற்க வேண்டும். நான்கும் வளையத்தின் வெவ்வேறு பக்கங்களில் இருப்பதால் மையப் பிசகு இருந்தால் ஏதாவது ஒன்றில் தெரிந்துவிடும். பிறகு தட்டை லேசாக உதறிப் பாருங்கள். நிறுத்திய இடம் நகர்ந்துவிட்டாலோ, நான்கில் ஒன்று அரைக்கோடு தள்ளி நின்றாலோ, அதை வைத்துவிட்டு அடுத்ததை எடுத்துத் தரச் சொல்லுங்கள்.